நீலக் கதவுக் கடையைப் பற்றி மொன்ஜி சொன்னது

கடலோர ஊரான ராஸ் ஸெய்தூனின் வண்டி நிலையத்தில் மொன்ஜிக்குக் கூலி கூவுவதற்குத்தான். "ஸ்ஃபாக்ஸ், ஸ்ஃபாக்ஸ், இன்னும் ரெண்டே பேர்!" என்று அவர் தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இருந்தாலும் ஊர் அவரை மதித்தது வேறொன்றுக்காக. எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிற ஆள் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

லுவாஜ் என்கிற வாடகை வேனுக்கு எட்டு இருக்கை. எட்டும் நிரம்பினால்தான் கிளம்பும். அது கால் மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். வருகிறவர்கள் பையை இருக்கையில் போட்டு இடம் பிடித்துவிட்டு நேராக மொன்ஜியிடம் வருவார்கள். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார். எத்தனை இடம் காலியாக இருக்கிறதோ அதற்கேற்ற பதில் வரும்.

ஒரே இடம்தான் காலி என்றால், "சாப்பாட்டை மறந்துடுங்க. அம்மார்கிட்ட ஒரு காபி குடிங்க. காபி சுமார்தான், அவன் பேச்சு நல்லா இருக்கும்." இரண்டு மூன்று இடம் இருந்தால் நேஜ்யாவின் முட்டை பிரிக். மெல்லிய மாவுத் தாளில் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, சட்டென்று பொரித்துத் தருவாள். "இன்னிக்கு வியாழனா? போங்க, போங்க. இன்னிக்குத்தான் எண்ணெய் மாத்துவா. நேத்து வந்திருந்தீங்கன்னா நானே கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன்."

நாலு இடத்துக்கு மேல் காலி என்றால் மீன் சந்தைக்கு அனுப்புவார். அங்கே மீனை நாமே வாங்கி, பக்கத்தில் இருக்கும் பஷீர் சகோதரர்களின் கரியடுப்பில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். "சின்னவன் கையில கொடுங்க. பெரியவன் வாங்க வந்தா, 'இல்லப்பா, தம்பி வரட்டும்'னு சொல்லிடுங்க. பெரியவனுக்குக் கால்பந்து பேச ஆரம்பிச்சா மீன் ஞாபகம் இருக்காது. அப்புறம், உங்க மீன்மேல ஒரு கண்ணு இருக்கட்டும். திருட மாட்டாங்க, ஆனா மாறிடும்."

கடலோரத்தில் வெள்ளைக் குடைகள் விரித்திருக்கும் பெரிய ஓட்டலைப் பற்றிக் கேட்டால், "கடல் நல்லா இருக்கும். ஒரு டீ சொல்லிட்டு கடலைப் பாருங்க. மீனு மட்டும் கேட்டுடாதீங்க. எதிர்ல கடலு, தட்டுல ஐஸ் பெட்டி மீனு. எனக்கே வெட்கமா இருக்கு."

மிக மோசமான கடை என்றால் அவர் எதுவுமே சொல்ல மாட்டார். தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். அதற்கு அர்த்தம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கடைக்காரர்களுக்கு அவர்மேல் கோபம் வராமல் இல்லை. பஷீர்களில் பெரியவர் ஒருநாள் கரி அப்பிய கையோடு நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா மொன்ஜி, நான் மீனைக் கருக்கறேன்னு சொன்னியாமே?"

"சொன்னேன்."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!"

"மூஞ்சியைப் பார்த்தாலும் மீன் கருகித்தான் இருக்கு அண்ணே."

அங்கிருந்த ஓட்டுநர்கள் சிரித்த சிரிப்பில் பெரியவரும் சிரித்துவிட்டார். மறுநாள் காலை மொன்ஜி அவர் கடையிலேயே போய்ச் சாப்பிட்டார், காசு கொடுத்து. எந்தக் கடையிலும் அவர் ஓசியில் கை நனைத்ததில்லை. வாலிபத்தில் இவரும் லுவாஜ் ஓட்டியவர்தான். வடக்கே பிஸெர்த் முதல் தெற்கே லிபிய எல்லை வரை கரையோரத்தில் அவர் நாக்கு படாத சாப்பாட்டுக் கடை கிடையாது. பார்வை மங்கி, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு கூவ வந்தார். நாக்கு மட்டும் மங்கவில்லை.

அவர் மனைவி மப்ரூக்கா மத்தி டப்பா அடைக்கும் ஆலையில் இருந்தாள். பருவம் முழுக்க உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் கைவிட்டு மீன் தலை கிள்ளுகிற வேலை. பருவம் முடிவதற்குள் விரல் நுனிகள் வெடித்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. போன இலையுதிர்காலத்தில், "போதும்" என்று ஒரு நாள் வந்துவிட்டாள். நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தகமாக இருந்த அறையைப் பிடித்தாள். கதவுக்கு நீலம் அடித்தாள். நாலு மேசை போட்டாள். ஒரே சாப்பாடுதான்: ஆவியில் வேகவைத்த கோதுமை ரவைச் சோறான கூஸ்கூஸ், அன்றைக்குப் படகில் என்ன மீன் வருகிறதோ அதைப் போட்டு.

சுண்ணாம்பு அடித்ததும் மேசை சுமந்ததும் மொன்ஜிதான். ஆனால் திறப்பதற்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பாரு, கடை உன்னோடது. நிலையத்துல நான் அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். பொண்டாட்டி கடையைப் புகழ்றான்னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."

"உன்னை யாரு கூவச் சொன்னா?" என்றாள் மப்ரூக்கா. "சோறு நல்லா இருந்தா வர்றவங்க வருவாங்க."

வரவில்லை. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் மரியாதைக்கு வந்தார்கள். அப்புறம் பெட்ரோல் பங்க் பையன்கள் இரண்டு பேர், தபால்காரர், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் பாதிக்குமேல் நிரம்பிய பானையோடு தெருவைக் கடந்து வருவாள். வழியில் நாலு வீட்டில் கொடுத்துவிட்டு, மீதியை இருவரும் இரவில் சாப்பிடுவார்கள். மொன்ஜி வழித்துச் சாப்பிடுவார். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

வசந்தம் பிறந்ததும் ஆலையிலிருந்து ஆள் வந்தது. பருவம் தொடங்குகிறது, வேலைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"கொடுத்துடலாம்னு இருக்கேன்," என்றாள் மப்ரூக்கா. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள், ஏதோ வெங்காயம் வாங்குவதைப் பற்றிப் பேசுவதுபோல. குளிர்காலம் முழுக்க ஐஸில் படாததால் அவள் விரல்களில் வெடிப்பு ஆறியிருந்தது. மொன்ஜி அதைப் பார்த்தார். பிறகு படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வண்டிக்குப் பின்புறம் நிழலில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்புறம் ஷாத்லி, ஸ்ஃபாக்ஸ் வண்டி ஓட்டுபவன், ஒரு பயணியோடு பேசிக்கொண்டிருந்தான். மொன்ஜி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

"எதிர்த்தாப்ல ஒரு கடை இருக்கே, அங்க சாப்பிடலாமா?" என்று பயணி கேட்டார்.

"நீலக் கதவா? வேண்டாம்ணே," என்று ஷாத்லி குரலைத் தாழ்த்தினான். "நம்ம மொன்ஜி அண்ணனோட வீட்டுக்காரி நடத்தறது. அவரு ஊர்ல எல்லாக் கடையைப் பத்தியும் சொல்வாரு, அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வராது. யாராச்சும் அந்தப் பக்கம் பார்த்தாலே தொப்பியைத் தொடறாரு. சொந்தப் பொண்டாட்டி சமையலுக்கே தொப்பியைக் கழட்டறாருன்னா நீங்களே யோசிச்சுக்குங்க."

மொன்ஜியின் கையில் செருப்பு அப்படியே நின்றது. கூச்சத்தில் தொப்பியைத் தொட்டிருப்பார். எப்போது, எத்தனை முறை என்று அவருக்கே தெரியாது. அவர் நேர்மை என்று நினைத்துக் காத்த மௌனத்தை நிலையம் முழுக்கத் தீர்ப்பாக வாசித்திருக்கிறது. ஒருவனாவது நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவனுடைய மனைவியைப் பற்றி, அவள் அடுப்பைப் பற்றி, சந்தியில் நின்று விசாரிப்பது அந்த ஆண்களுக்கு வழக்கமில்லை. ஓட்டுநர்கள் தங்கள் மனைவியின் பெயரைக்கூட அங்கே சொல்வதில்லை. 'வீட்ல' என்பதோடு சரி.

எழுந்து போய் ஷாத்லியின் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்காமல் அவர் எந்தக் கடையைப் பற்றியும் பேசியதில்லை. இப்போது, ஆலைக்குப் பெயர் கொடுக்கும் நேரம் பார்த்துத் தானாகப் பேசினால், அது வெறும் கூவல்தான். வெள்ளிக்கிழமை முழுக்கத் தொண்டையில் மீன்முள் சிக்கியவர்போலத் திரிந்தார். ஸ்ஃபாக்ஸை ஒரு தடவை எதிர்த்திசை ஊரான சூஸ் என்று கூவிவிட்டார். "அண்ணே, வண்டியைத் திருப்பிடட்டுமா?" என்று ஷாத்லி கேலி செய்தான்.

சனிக்கிழமை காலை கஃப்ஸா பக்கத்துப் பெண்மணி ஒருத்தி வந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். மகள் வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறாள். ஷாத்லியின் வண்டியில் பையைப் போட்டுவிட்டு மொன்ஜி முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, பசிக்குது. அதோ அந்த நீலக் கதவு எப்படி?"

அம்மார் காபிக் குவளையைக் கீழே வைத்தான். ஷாத்லி அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"அக்கா, முட்டை பிரிக் சாப்பிடுங்களேன், இந்தத் தெருமுனையில..."

"நான் உன்னைக் கேட்டேனா? இவரைத்தான் கேக்கறேன். ஊர்ல இவரு பொய் சொல்ல மாட்டாருன்னு என் மருமவன் சொன்னான்."

எதிரே நீலக் கதவு திறந்திருந்தது. மப்ரூக்கா வாசலில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கத்தியை நிறுத்தினாள். மொன்ஜியின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. பாதி வழியில் இறக்கிக்கொண்டார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு இடம்தான் காலி.

"இந்த வண்டியிலதான் போகணும்னா அங்க போகாதீங்கக்கா," என்றார்.

ஷாத்லி, 'சொன்னேன் இல்ல' என்பதுபோல அம்மாரைப் பார்த்தான்.

"அங்க அவசரமாச் சாப்பிட முடியாது. மீனை முதல்லயே போட்டுக் கொதிக்க விட மாட்டாங்க. ஆள் உக்காந்த பிறகுதான் குழம்புல இறக்குவாங்க. கூஸ்கூஸை மூணு தடவை ஆவில வெச்சு, ஒவ்வொரு தடவையும் கையால உதிர்த்து எடுப்பாங்க. பருக்கையோட பருக்கை ஒட்டாது. இன்னிக்கு களவா மீனு, விடிகாலை படகுல வந்தது, நான் பார்த்தேன். நேரம் இருந்தா போங்க. பிஸெர்த்லேர்ந்து எல்லை வரைக்கும் நான் சாப்பிட்டிருக்கேன். மீன் கூஸ்கூஸு இதுக்கு மேல எங்கயும் கிடையாது."

மொன்ஜி அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நாக்கு நிற்கவில்லை.

"ஆனா சாலட் வேண்டாம். மிளகாய் சுட்டு ஒரு சாலட் வைப்பாங்க. சீமைச் சீரகத்தை அள்ளிக் கொட்டிடுவாங்க. மருந்துக் கடை வாசனை அடிக்கும். அதை ஓரமாத் தள்ளிடுங்க."

வாசலில் கத்தி பலகைமேல் 'டக்' என்று விழுந்தது.

"இவ்வளவு நுணுக்கமா எப்படித் தெரியும்?" என்றாள் அந்தப் பெண்மணி.

"தினம் சாப்பிடறேனே." மொன்ஜியின் காது மடல் சிவந்தது. "அது... எங்க வீட்லதான் நடத்தறாங்க."

பெண்மணி ஒரு கணம் அவரையும், எதிரே இடுப்பில் கைவைத்து நின்ற மப்ரூக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "பொண்டாட்டி சாலட்டை நடுத்தெருவுல குத்தம் சொல்றவன் மீன் விஷயத்துல பொய் சொல்லவா போறான்!" என்று வண்டிக்குள் கையைவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டாள். "ஏ தம்பி, என் இடத்தை வேற யாருக்காச்சும் கொடு. நான் அடுத்த வண்டியில போறேன்."

அவள் தெருவைக் கடந்தாள். பின்னாலேயே அதே வண்டியில் இடம் பிடித்திருந்த ஓர் ஆசிரியரும் அவர் தங்கையும் பையை எடுத்துக்கொண்டார்கள். ஷாத்லி காலியாகிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தான். மொன்ஜியைப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு வருஷமா ஏன் இதை எங்களுக்குச் சொல்லலை?"

"அரை வருஷம்தான். நீங்க யாருடா கேட்டீங்க?"

"வீட்டு விஷயத்தை எப்படிண்ணே கேக்கறது?" என்றான் ஷாத்லி. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "ஆளு சேர எப்படியும் நேரமாகும். நானும் போய் உக்காரட்டுமா? சாலட் இல்லாம."

நாலு மேசையும் நிரம்பியது. கஃப்ஸாப் பெண்மணி வெளியே வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே நிலையம் முழுக்கக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள்: "சாலட்டைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். மீனைப் பத்திக் கம்மியாச் சொல்லிட்டீங்க!"

பிற்பகல் தொழுகை முடிந்து மொன்ஜி சாப்பிடப் போனார். பானை காலி. அடியில் நாலு கொண்டைக்கடலை ஒட்டிக்கொண்டிருந்தது. மப்ரூக்கா ரொட்டியையும், கண்ணாடிக் கிண்ணம் வழிய வழியச் சாலட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுதான் மிச்சம். எல்லாரும் ஓரமாத் தள்ளிட்டாங்க, உன் புண்ணியத்துல."

அவர் ரொட்டியைப் பிய்த்து, தோய்த்து, மென்றார். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"சீரகம் ஜாஸ்தி."

"இத்தனை வருஷமாத் தின்னியே, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"நீ கேக்கலையே."

மப்ரூக்கா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "எங்கம்மா போட்ட அளவு அது. நாளைக்கும் அவ்வளவுதான் போடுவேன். உனக்கு வேண்டாம்னா தள்ளி வை."

வாசலில் ஆலையின் சின்ன வண்டி வந்து ஒலியெழுப்பியது. பெயர் குறித்துப் போக வந்தவர்கள். மப்ரூக்கா எழுந்திருக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே கையை அசைத்து, "வரலைன்னு எழுதிக்கங்க!" என்று கத்தினாள். பிறகு மொன்ஜியின் பக்கம் திரும்பி, "நாளைக்கு ரெண்டு மேசை கூட வேணும். பஷீர் பெரியவர்கிட்ட மடக்கு மேசை இருக்கு, கேட்டு வாங்கிட்டு வா" என்றாள்.

"கருகின மீனுக்காக அவரு இன்னும் என்மேல கோபமா இருக்காரு."

"இருக்கட்டும். போய்க் கேளு."

மொன்ஜி கடைசித் துண்டு ரொட்டியால் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, மீன் சந்தைப் பக்கம் நடந்தார்.