கம்ப்யூட்டருக்குத் தெரியாத ராத்திரி

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் நான் சம்பளக் கிளாக்கர். புது சொப்ட்வெயார் வந்த மாதம், சம்பளம் போடும் முன் பார்த்தால், ராத்திரி ஷிப்ட்காரர்களின் ஓவர்டைம் மொத்தமாகக் காணவில்லை. நடுச்சாமம் தாண்டியதும் சொப்ட்வெயார் ஒரே ஷிப்டை இரண்டு நாளாக வெட்டியதால், எந்த நாளிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரவேயில்லை.

சொப்ட்வெயார்காரர் போனில், "பன்னிரண்டு மணிக்கு நாள் முடிஞ்சிரும்தானே?" என்றார்.

"எங்களுக்குக் கொழுந்து அரைச்சு முடிஞ்சாத்தாங்க நாள் முடியும்!" என்று கத்தியே விட்டேன்.

கம்ப்யூட்டர் என்றாலே பயப்படும் நான், அந்தக் கோபத்திலேயே செட்டிங்கைத் திறந்தேன். ஆள் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணும்படி விதியை மாற்றினேன். ஓவர்டைம் வந்து நின்றது!

சம்பளத்தன்று, ரோலர் மெஷின் ஓட்டும் ராஜு அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்ப்யூட்டருக்கு நம்ம ராத்திரி எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" என்றார்.

"நான் சொல்லிக் குடுத்தேண்ணே."

அன்றிலிருந்து கம்ப்யூட்டர்தான் என்னைப் பார்த்துப் பயப்படுகிறது.