அம்மா எழுதிய பக்கம்

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், பாடசாலை விடுமுறையில் அவளை ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், முன்பு தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா அது. சுற்றியிருந்த மலையில்தான் அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தாள். பங்களாவுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. அதனால்தான் அந்த இடத்தையே தேடிப் பிடித்து, படங்களைப் பார்த்து அறை பதிவு செய்தேன்.

படத்துக்கும் அறைக்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் கொட்டகை. மெத்தையில் ஈர வாடை. சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. சாப்பாட்டு மேசைக்குச் சோறு ஆறிப்போய் வந்தது. ஆசையாகக் கூட்டி வந்தேனே என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"விடு புள்ள. லயத்து வீட்டுல பாக்காத குளிரா?" என்று அம்மா தன் கம்பளியையும் என் மேல் போர்த்தினாள்.

காலையில் மேனேஜரிடம் முறையிட்டேன். "நீங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே, குளிர் பழகியிருக்குமே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நாள் முழுக்க வகுப்பில் பாடம் நடத்துகிற நான், பதிவுச் சீட்டை எடுத்து நீட்டினேன். பின்னால் நின்ற அம்மா முன்னே வந்தாள். குரலை உயர்த்தாமல், அவள் சிங்களத்திலேயே சொன்னது இதுதான்: "குளிர் பழக்கம்தான் மாத்தயா. வேலைக்கு வந்தப்போ பழகினோம். இப்ப விருந்தாளியா வந்திருக்கோம்."

பகலுக்குள் வேறு அறை கிடைத்தது. மலை தெரிந்தது. மாலை மழையில் கூரையும் ஒழுகியது. ஒழுக்குக்கு வாளியை வைத்துவிட்டு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அந்தா, அந்தச் சரிவுதான். அட்டை கடிக்காத நாள் கெடையாது. இந்தப் பக்கமிருந்து பாத்ததே இல்ல" என்றாள். ஈர மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது விருந்தினர் கருத்து எழுதும் புத்தகத்தை மேனேஜர் என்னிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். எல்லாப் பக்கத்திலும் ஆங்கிலத்தில் பாராட்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாகத் தமிழில் எழுதினாள்.

"மெத்தை ஈரம். சுடுதண்ணி வரவில்லை. கூரை ஒழுகுது. தேத்தண்ணியில் மணமே இல்லை. குசினியில் சமையல் வேலை செய்கிற பெண்கள் அன்பாகக் கவனித்தார்கள். அவர்களுக்கு நன்றி." கீழே தன் முழுப்பெயர். அதற்கும் கீழே, "இந்தத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவள்."

மேனேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சாப்பாட்டறையில் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார். பக்கத்து லயத்துக்காரி அவள். தமிழில் உரக்க வாசித்தாள். பிறகு ஒரு வரியும் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். குசினி வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தாரா என்று தெரியாது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "பேரெல்லாம் எதுக்கும்மா எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"பேரு போடாம எழுதுனா யாரு நம்புவாங்க?" என்றாள்.

விடுமுறை எப்படி என்று பாடசாலையில் கேட்டார்கள். ஹோட்டல் மோசம் என்றுதான் தொடங்கினேன். மணி அடிக்கும்வரை அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.