நாலு மணிப் பேய்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் எட்மண்டனில் எங்களுக்கு ஒரு கவுன்சில் வீடு, அரசாங்க வாடகை வீடு, கிடைத்தது. அதுவரை நானும் கணவரும் இரண்டு மகள்மாரும் ஒரே அறையில்தான் படுத்தோம். வேண்டாமென்றால் மறுபடி வரிசையின் அடியில் போய் நிற்க வேண்டும் என்று கவுன்சில் கடிதம் சொன்னது.

தமிழ்க் கடையில் விலாசத்தைச் சொன்னதும் கடைக்காரர் கத்தரிக்காய் நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி, அது பேய் வீடு. அங்க செத்த வெள்ளைக்காரக் கிழவி பின்னேரம் நாலு மணிக்கு வந்து கதவில கடிதம் போடுற தகட்டைத் தட்டுறவளாம். முதல் இருந்த எங்கட சனம் மூண்டு மாசத்தில ஓடிட்டுதுகள்.”

அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் தன் கதையில் கிழவிக்கு வெள்ளைச் சட்டை போட்டார். இன்னொருவர் அவள் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்.

வீடு பார்க்கப் போன அன்று, இங்கே யாராவது செத்தார்களா என்று கவுன்சில்காரரிடம் கணவர் கேட்டார். எங்கள் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்கிற கேள்விதான். அந்த மனிதர் முழித்தார். நூறு வருட வீடு. இருந்தவர்கள் சாகாமல் வேறென்ன செய்வார்கள்? எங்களுக்கு வீடு வேண்டாம் என்று நினைத்து அவர் கோப்பை மூடினார். நான் அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன்.

“உமக்கென்ன விசரே?” என்றார் கணவர்.

“ஓம், விசர்தான். ஊரில ஷெல்லடிக்குத் தப்பி வந்த எனக்குக் கிழவி ஒரு ஆளே? பயமெண்டால் நீங்கள் அந்த அறையிலயே இருங்கோ.”

பால் காய்ச்சினோம். அழைத்தவர்கள் கேற்றடியில் நின்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

அடுத்த வாரம், சரியாக நாலு மணிக்குத் தகடு சடசடத்தது. கணவர் விபூதியைத் தேடினார். நான் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரன், நாயோடு நின்றான். நாய்ப் பீயைப் பையில் கட்டித் தகடு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்றான். பையைப் பிடுங்கி அவன் வாசலில் எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை, மனோர் பார்க் கோயிலில் எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த குடும்பத்துப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

“அக்கா, கிழவியைக் கண்டனீங்களோ?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எந்தக் கிழவி? அந்த எதிர்வீட்டுக்காரன்தான். எங்களுக்குக் கண்ணாடித் துண்டும் போட்டவன். அவனுக்குப் பயந்து ஓடினனாங்கள் எண்டு சொல்ல வெக்கம். பேயெண்டால் ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்.”

எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு கதவைத் திறந்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

திரும்பும் வழியில் கடையில் நாலு பேர் நிற்கும்போது சத்தமாகவே சொன்னேன்: “அண்ணை, பேயைக் கண்டனான். நாயோட வருது.”

தொண்ணூறுகள் முழுவதும் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். கடையில் அப்படிச் சொன்ன மறுநாளே, நாலு மணிக்கு முன்பு வாசலில் கதிரை போட்டு, மடியில் தும்புத்தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கணவரும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.