கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குச் சற்று முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஒரு மண்டபத்தில் நடந்தது இது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் கலைப் பக்கம் எழுதுகிறவள். நாட்டியம், நாடகம், கச்சேரி எது நடந்தாலும் முன்வரிசை சோபாவில், பிரமுகர்களுக்குப் பக்கத்தில், எனக்கு ஓர் இடம் போட்டுவிடுவார்கள். நம் ஊர் வழக்கம் அப்படி. அங்கே சாய்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் விமர்சனம் எழுதுவேன். இதற்கு நடுவே தினமும் விடிவதற்கு முன் எழுந்து எழுந்து எப்படியோ ஒரு நாவலையும் முடித்துவிட்டேன். சுங்கை வே தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் கதை. அதை நாடகமாகப் போடலாமா என்று ஓர் இளம் இயக்குநர் வந்து கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு முறைதான் மேடையேற்றம். மண்டபம் வேறு நாளுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் உழைத்த பெண்களே சுங்கை வேயிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முன்னால் எல்லாம் நிரம்பிவிட்டதால் அவர்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. யாருக்காக எழுதினேனோ அவர்களே வந்துவிட்டார்கள் என்று நான் குதிக்காத குறை.

அப்போதுதான் கதாநாயகியாக நடிக்க வேண்டியவளிடமிருந்து போன் வந்தது. கிள்ளானில் பேய் மழை, சாலையெல்லாம் தண்ணீர், கார் நகரவே இல்லையாம்.

"அக்கா, நீங்களே ஏறிடுங்க. வசனம் நீங்க எழுதினதுதானே!" என்றாள்.

"விளையாடாதே! எனக்கு மேடையே பழக்கம் இல்லை."

"போன வருஷம் என் நாடகத்துக்கு என்ன எழுதினீங்க? கடைசி வரிசைக்குக் குரல் எட்டலன்னு எழுதினீங்கல்ல? இன்னிக்கு உங்களுக்கு இருக்கு லா!" என்று அந்த நெருக்கடியிலும் நம் ஊர் 'லா' போட்டுச் சிரித்தாள்.

இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மறுத்தால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கதாநாயகியின் நீல யூனிபாரம் எனக்குப் பொத்தான் பூட்டவில்லை. ஊக்கு குத்திக்கொண்டு ஏறிவிட்டேன்.

விளக்கு முகத்தில் அடித்ததும் கண் கூசியது. வசனம் மட்டும் எப்படியோ வந்தது. சோபாவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பரவாயில்லையே என்று நினைத்த நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நின்றார்.

"கேக்கல லா! சாப்பிடலையா நீங்க? கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா, நாங்களும் கேக்கணும்ல!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நான் ஓரடி பின்வாங்கினேன். திரைக்குப் பக்கத்திலிருந்து இயக்குநர், "விடாதீங்க அக்கா, விடாதீங்க!" என்று முணுமுணுத்தார்.

சோபாக்களைப் பார்ப்பதை விட்டேன். அந்த அம்மாளை மட்டும் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துப் பேச ஆரம்பித்தேன். காட்சிக்குக் காட்சி பயம் போய் ஒரு வெறியே வந்துவிட்டது! கடைசிக் காட்சியில், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட தோழிக்காகக் கதாநாயகி தொழிற்சாலை வாசலில் நின்று மற்றப் பெண்களைக் கூப்பிட வேண்டும்.

"அவளுக்கு வேலை இல்லேன்னா எனக்கும் வேணாம்! யார் என்கூட வரீங்க?" என்று கத்தினேன்.

மேடையில் இருந்த பெண்கள் தயங்கித் தலைகுனிய வேண்டும். நாவலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவர்கள் குனிவதற்குள், கடைசி வரிசையே எழுந்துவிட்டது.

"நாங்க வரோம்! போலாம் வா!"

ஐயோ, அந்தச் சத்தம்! எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அடுத்த வசனம் மறந்தே போயிற்று, யாரும் அதைத் தேடவும் இல்லை. கைதட்டல் நடுவே பின்கதவைப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த அந்த நடிகை, சொட்டச் சொட்ட நனைந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டுச்சு அக்கா! இங்க வரைக்கும் எட்டுச்சு!"

பிறகு கிட்டே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு காதில் கேட்டாள்: "ஒண்ணு கேக்கவா? முன் சோபால உக்காந்துட்டு, எனக்குக் கடைசி வரிசைக்கு எட்டலன்னு உங்களுக்கு எப்படி அக்கா தெரிஞ்சுச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்துச் சிரித்து என் ஊக்கு தெறித்துவிட்டது.

இப்போதெல்லாம் நாடகம் பார்க்கப் போனால் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறேன். ஏற்பாட்டாளர்கள் பதறிப்போய், "கோவமா அக்கா?" என்று கேட்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மேடையிலிருந்து ஒரு புதுக் குரல் தடுமாறித் தடுமாறி என்னிடம் வந்து சேர்ந்தால், எழுந்து நின்று "நான் வரேன்" என்று கத்திவிடலாமா என்று இன்றைக்கும் என் மனம் துடிக்கிறது.