இடது பக்கம் காலியாக

என் கணவர் சிதம்பரத்தில் கல்யாணப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்வேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்திலிருந்து வெட்டியெடுத்து அருவிக்குப் பக்கத்தில் நிறுத்துவது என் வேலை. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வீராணம் ஏரிக்கரைதான். அதனாலோ என்னவோ, மலையும் அருவியும் இல்லாத ஆல்பத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

போன வருஷம் அதில் மானம் போனது. குறிஞ்சிப்பாடியில் அக்கா, தங்கை இருவர் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் ஆல்பம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அருவி, ஒரே பாறை, ஜோடி மட்டும் வேறு. "இன்டர்நெட்டுல எடுத்தத எல்லாருக்கும் ஒட்டி உட்றீங்களா?" என்று பெண்களின் மாமா கடைக்கே வந்து கேட்டார்.

அவர் போனதும் இவர் சொன்னார்: "நாமளே போயி எடுத்துட்டு வந்துடலாம். நீயும் வா."

கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் தங்கைக்கு உடனே போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "மாமாவும் நீயும் ஜோடியா நின்னு ஒரு போட்டோ அனுப்புக்கா" என்றாள். எனக்கும் அந்த ஆசைதான். ஊரையெல்லாம் படம் எடுக்கிறவர் வீட்டில் நாங்கள் சேர்ந்து நிற்கும் படம் கல்யாணத்தன்று எடுத்ததோடு சரி. அதற்கென்றே மாம்பழக் கலர் புடவை ஒன்றை எடுத்து வைத்தேன்.

மேற்கே மலைமேல் ஒரு வனப்பூங்கா. அங்கிருந்த மரங்களைப் பார்த்ததும் நான் அண்ணாந்து நின்றுவிட்டேன். நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம், மேலெல்லாம் பச்சைப் பாசி. எத்தனை தலைமுறையைப் பார்த்ததோ! இவரோ மரத்தை விட்டுவிட்டு, மரத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். "எடது பக்கம் ஜோடி நிக்கும்" என்று முனகிக்கொண்டே எடுத்துத் தள்ளினார்.

ஆள் குறுக்கே வந்தால் படம் கெட்டுவிடும். வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாம்பழக் கலர் புடவையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, டிராபிக் போலீஸ் மாதிரி, "ஒரு நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்று வந்தவர்களையெல்லாம் மறித்தேன். "பூங்கா என்ன உங்க வீட்டுதா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். கூசிப்போனேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர் அத்தனை பேர் முன்னால் என்னையும் பார்த்து, "தள்ளு, தள்ளு, ஒம் பொடவ வருது" என்று கத்தினார்.

பூங்காவுக்குள் இருந்த அருவிப் பக்கம் ஒரு புது ஜோடி என்னிடம் போனை நீட்டியது. நன்றாகவே எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, ஒங்க ரெண்டு பேரையும் எடுக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் திமிர்! "வேணாம்மா, எங்க வீட்டுக்காரரே போட்டோகிராபர்" என்றேன். அவரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். இந்த வயதில் ஜோடிப் படம் கேட்டால் சிரிப்பாரோ என்று வெட்கம். அவராக அழைப்பார் என்று இருட்டும்வரை காத்திருந்தேன். அவர் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

ஊருக்கு வந்து படங்களைத் திறந்தேன். காடு, மலை, அருவி, எல்லாம் அவ்வளவு அழகு. எல்லாவற்றிலும் இடது பக்கம் காலி. ஒன்றில்கூட நான் இல்லை.

தங்கை விடவில்லை. "போட்டோ எங்கக்கா? சண்டையா?" என்று தினமும் கேட்டாள். கடைசியில் நான் செய்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டினேன், இன்னொன்றிலிருந்து என்னை. என் புடவையை மாம்பழக் கலருக்கு மாற்றினேன். இரண்டு பேரையும் அருவிக்கு இடது பக்கம் ஒட்டினேன். நான் நிஜமாகவே நின்ற இடம் அது. அங்கே என்னைக் கள்ளத்தனமாக நிறுத்த வேண்டியிருந்தது.

தங்கை அதைப் பார்த்துவிட்டு இவருக்கே போன் செய்து, "சூப்பர் மாமா" என்று பாராட்டியிருக்கிறாள். "எந்தப் போட்டோ?" என்று கேட்டுக்கொண்டே இவர் என் பின்னால் வந்து நின்றார். திறந்து காட்டினேன். ஒட்டு வேலை அவர் கண்ணுக்குத் தப்புமா?

"ஏன், நான் ஒன்ன எடுக்கவே இல்லியா?"

எனக்கு அழுகை முட்டியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூங்காவில் எடுத்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இருக்கும், இரு... எதுலயாவது இருப்ப" என்றார். எதிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "பாருங்க, இருக்கும்" என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன்.