இன்ஸ்பெக்டருக்கு மாற்றல்

நேசையன் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் அவர் செருமினால் லாக்கப்பில் கிடப்பவன் தானாக எழுந்து நிற்பான் என்று பேர். பென்ஷனோடு ராஜபாளையத்து வீட்டுக்கு வந்தபின் அந்தச் செருமலுக்கு மதிப்பில்லை. மனைவி ஏசம்மாள், "சளியா? கசாயம் வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் மீன்.

மதுரையில் ஒரு துரை பங்களாவில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்த நாள் முதல் அவருக்கு அந்த ஆசை. இரும்புச் சட்டம் அடித்து, சன்னல் கண்ணாடி பொருத்தி, அய்யனார் ஆற்றுக் கற்களை அடுக்கி, முன்னறையில் வெளிச்சம் விழுகிற ஒரே சன்னலடியில் வைத்தார். ரயிலில் வேலை பார்க்கும் மகன் சின்னத்துரை கொல்லத்திலிருந்து பானையில் ஒரு கரிமீன் குஞ்சு கொண்டுவந்தான். கீரையும் சோறும் தின்று அது உள்ளங்கை அகலம் வளர்ந்தது. பச்சை உடம்பெங்கும் முத்துப் புள்ளி. நேசையன் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார். காலமெல்லாம் இன்ஸ்பெக்டர்களுக்குச் சலாம் போட்டவர், இப்போது ஒரு இன்ஸ்பெக்டருக்குச் சோறு போட்டார். அதில் அவருக்கிருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ஆனால் அவ்வளவு பெரிய தொட்டியில் அது ஒற்றையாய் நிற்பது அவருக்கு மனசு கேட்கவில்லை. சின்னத்துரை பள்ளத்தி மீன்கள் கொண்டுவந்தான். பள்ளத்தி கரிமீனுக்குத் தம்பி முறை. மஞ்சள் நிறம், பொடி உருவம். முதல் தடவை அப்படியே தொட்டியில் விட்டார். விடிந்தபோது, இன்ஸ்பெக்டர் கொத்தியதில் எல்லாம் மல்லாந்து மிதந்தன. அடுத்த தடவை போலீஸ் மூளையைக் காட்டினார். வந்தவற்றை மூங்கில் கூடையில் போட்டு மூடி, தொட்டிக்குள் இறக்கி, "லாக்கப்புல கெடந்து பழகட்டும்" என்றார். இன்ஸ்பெக்டர் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழகுகிறார் என்று நேசையன் நினைத்தார். மூடியைத் திறந்த பிறகுதான், அவர் அதற்காகவே காத்துக்கிடந்தார் என்று தெரிந்தது.

இதற்கிடையில் சின்னத்துரைக்குக் கல்யாணமாகி, சோழபுரத்திலிருந்து செல்லத்தாய் தையல் மிஷினோடு மருமகளாக வந்தாள். மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும். சன்னலடியில் இன்ஸ்பெக்டர் இருந்தார். அவள் பின்னறை இருட்டில் உட்கார்ந்து தைத்தாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசம்மாள் அப்படிப்பட்டவள் இல்லை.

"பிள்ளை இருட்டுல ஊசி கோக்குது, நீங்க மீனுக்கு வெளிச்சம் காட்டுதிய."

"தொட்டி நகராது, ஏட்டி."

அன்றுதான் சின்னத்துரை மறுபடியும் பள்ளத்திப் பானையோடு வந்து இறங்கினான். ஏசம்மாள் பானையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுக பொழைச்சுக் கெடந்தா தொட்டி அங்கனயே இருக்கட்டும். செத்துச்சுன்னா சன்னல் மிஷினுக்கு, இன்ஸ்பெக்டர் குழம்புக்கு."

நேசையனுக்கு அவளைத் தெரியும். அவள் சொன்னால் செய்வாள். அவரைக் கண்டதும் கண்ணாடியோரம் ஓடிவருகிற உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

வேகவைத்த கீரையோடு வந்த செல்லத்தாய் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். "மாமா, இன்ஸ்பெக்டரு வந்ததுலேர்ந்து இங்கனதானா?"

"ஆமா."

"அப்ப எந்தக் கல்லு எங்க கெடக்குன்னு அம்புட்டும் அவியளுக்குத் தெரியும். புதுசா வாரதுக்கு ஒதுங்க ஒரு சந்து தெரியாது. பொறவு எப்படிப் பொழைக்கும்?" என்றவள், தனக்குத்தானே சொல்வதுபோல், "நான் வந்த அன்னைக்கு விக்கல் எடுத்துச்சு. தண்ணிச் செம்பு எங்க இருக்குன்னு கேக்கப் பயந்து, விக்கிக்கிட்டே நின்னேன்" என்றாள்.

நேசையன் சிரித்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடிகட்டிப் பறந்த தன்னைத் திடீரென்று ஒரு மலையடி ஸ்டேஷனுக்கு மாற்றியது ஞாபகம் வந்தது. போன அன்றைக்குத் தண்ணீர்ப் பானை எங்கே என்று நேற்றுச் சேர்ந்த கான்ஸ்டபிளிடம் பணிவாகக் கேட்டவர் அவர்.

"டிரான்ஸ்பர்!" என்று கத்தினார். "இவருக்கு டிரான்ஸ்பர் போடணும், செல்லத்தாயி!"

இன்ஸ்பெக்டர் கொல்லைப்புறத்து அண்டாவுக்குப் போனார். மாமனாரும் மருமகளும் கற்களையெல்லாம் கலைத்து, பொடிமீன் மட்டும் நுழையும் சந்துகள் விட்டு, வேறு மாதிரி அடுக்கினார்கள். பள்ளத்திகளை முதலில் விட்டார்கள். சில நாளில் அவை ஒவ்வொரு சந்தையும் சொந்த வீடாக்கிக்கொண்டன. பிறகு இன்ஸ்பெக்டருக்கு வயிறு நிறையக் கீரை கொடுத்துத் தூக்கி வந்தார்கள். ஏசம்மாள் புளியை ஊறப்போட்டுவிட்டே வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவராக மூலையில் ஒண்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். பொடியன்கள் சந்துக்குள் மறைந்தார்கள். அவர் கல்லில் முட்டிக்கொண்டு திரும்பினார். இன்னொரு தடவையும் முட்டினார். அப்புறம் முயலவில்லை. கடைசியில் ஒரு பள்ளத்தி துணிந்து கிட்டே வந்து, அவர் விலாவில் ஒட்டியிருந்த அழுக்கைக் கொத்தித் தின்றது. சவரத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி இன்ஸ்பெக்டர் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றார்.

"சரி, புளிய ரசத்துக்கு வச்சுக்கிடுதேன்" என்று ஏசம்மாள் உள்ளே போனாள்.

ஜெயித்த நேசையன் சன்னலடியில் நாற்காலி போட்டு, நாள்தோறும் தொட்டியைப் பார்த்துப் பூரித்தார். பின்னறையில் மிஷின் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். அறுந்த நூலை இருட்டில் தேடுகிறாள் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. தொட்டியைப் பார்க்கிற சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து பெண்கள் திரும்பியபோது, சன்னலடியில் மிஷின் இருந்தது. எதிர்ச்சுவரோரம் தொட்டி. அடுத்த வீட்டு மலைச்சாமியின் உதவியோடு தண்ணீரை இறைத்து, நகர்த்தி, நிரப்பி, முழங்கால் வரை நனைந்து நின்றார் நேசையன்.

"பந்தயத்துல ஜெயிச்சது நீங்கதானே?" என்றாள் ஏசம்மாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் டிரான்ஸ்பர் ஆயிட்டு" என்றார். வழக்கமாகச் செம்பு இருக்கும் சன்னல் கட்டையைப் பார்த்தார். அங்கே நூல்கண்டுகளை அவரேதான் எடுத்து வைத்திருந்தார்; செம்பை எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. "செல்லத்தாயி, தண்ணிச் செம்பு எங்க இருக்கு?"

தன் வீட்டில் அவர் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. செல்லத்தாய் முகமெல்லாம் சிரிப்பாக, "நில்லுங்க மாமா, எடுத்துட்டு வாரேன்" என்று ஓடினாள்.