அருவிக்குள் நடந்த ஹெவிவெயிட் சண்டை

காயாத பனியனின் வாடை... தென்காசிக்காரர்களுக்கு அது தெரியும். சாரல் தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி லேசில் ஈரம் விடாது. வாப்பாவின் கைலிக் கடையில் அந்த வாடையோடு புதுத்துணியின் கஞ்சி வாசமும் கலந்திருக்கும். குத்துச்சண்டை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசத்தில் உட்கார்ந்து கேட்டதுதான்.

வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது கேம்ப் டிவியில் ஹெவிவெயிட் சண்டை பார்த்துப் பழகியவர். ஊர் திரும்பிக் கடை வைத்ததும் பக்கத்து உரக்கடை செல்லையா அண்ணாச்சிக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டிய வயது, ஒரே அளவுத் தொப்பை. வியாபாரம் மந்தமானால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்...

ஓய்வு பெற்ற இரண்டு சாம்பியன்களை இந்த வயதில் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்?

பெயரைச் சொன்னால் கமெண்ட்டில் நீங்கள் மோதிக்கொள்வீர்கள். வாப்பாவின் ஆளை மொட்டை என்றும், அண்ணாச்சியின் ஆளை நெட்டை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

"காலு போவும், மூச்சு போவும். குத்து மட்டும் கடைசி வரைக்கும் போவாது அண்ணாச்சி. மொட்டை ஒண்ணு விட்டாம்னா நெட்டை தரையில கெடப்பான்."

"குத்து விட கிட்டக்க வரணும்லா பாய்? நெட்டை இடது கைய நீட்டிக்கிட்டே நிப்பான். மூணாவது ரவுண்டுல ஒம்ம ஆளு ஸ்டூலைத் தேடுவான்."

நான் அப்போதுதான் மேலகரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்தால் இந்தச் சத்தம்தான் வரவேற்கும். சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள் சிரிப்பாக இல்லை. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"வாயால எத்தன நாளு பேசுதது? மொட்டைக்கு நீரு நில்லும், நெட்டைக்கு நான் நிக்கேன். மெயின் அருவியில கழுத்தக் கொடுப்போம். யாரு முதல்ல வெளிய வாரானோ அவன் ஆளு தோத்தான்."

"வாரும், பாத்துருவோம்" என்றார் வாப்பா.

சீசனில் தண்ணீர் பிடரியில் விழுகிற விதம், குளித்தவர்களுக்குத் தெரியும். அது குத்தேதான். எனக்கு அருவி என்றாலே பயம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இதை எங்கே போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது உம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"லே, ஒங்க வாப்பாவுக்கு பிரஷர் இருக்கு. வீம்பு பிடிச்ச மனுசன். கண்ண எடுக்காத."

அங்கே நல்ல கூட்டம். இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்தார்கள். நான் ஓரத்தில் நின்று வாப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கழுவிப் போய் முதுகு சிவந்தது. இருவரும் அசையவில்லை.

அப்போதுதான் சத்தம் மாறியது... சலசலப்பு போய் ஒரு உறுமல் வந்தது. முதலில் சருகு வந்தது. பிறகு சுள்ளிகள். வெள்ளையாக விழுந்த தண்ணீர் பழுப்பானது.

போலீஸ்காரர் விசில் ஊதினார். "எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க!" கூட்டம் சிதறி ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் அருவிக்கடியில் இரண்டு பேர்தான் மிச்சம்.

விசில் அவர்களுக்குக் கேட்டிருந்தது. பிற்பாடு இருவருமே அதை ஒத்துக்கொண்டார்கள். மற்றவர் முதலில் போகட்டும் என்று நின்றிருக்கிறார்கள்!

போகாதே என்றுதான் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனாலும் போனேன். தண்ணீரின் முதல் அறையிலேயே கண் இருட்டியது. தட்டுத்தடுமாறி வாப்பாவின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"தொடாத லே! தோத்துருவேன்!"

"வாப்பா, வெள்ளம் வருது வாப்பா!"

காதோடு வாயை வைத்துக் கத்தினேன். அழுதுகொண்டுதான் கத்தினேன். கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி கம்பியை விடவில்லை. கண் மூடியபடியே இருந்தது. விரல்கள் கம்பியில் விறைத்துப் போயிருந்தன. வர நினைத்தாலும் வர முடியாத நிலை.

வாப்பா அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். களைத்துப்போன குத்துச்சண்டைக்காரர்கள் எதிராளியைக் கட்டிக்கொள்வார்களே, அதே பிடி. நான் அண்ணாச்சியின் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்தேன். மூன்று பேரும் வழுக்கி, விழுந்து, எழுந்து படிக்கு வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் அந்தக் கம்பியையே காணவில்லை. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவுக்கு மேலே செந்தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, ஒரு முழுக் கிளையோடு.

போலீஸ்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்தார். குளிரில் பல் தந்தியடித்தது.

"என்னய ஏன் பிடிச்சீரு பாய்? நீரு மட்டும் போயிருந்தா நான்லா ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிட்டு எங்கன போயிருப்பீரு?"

அண்ணாச்சி வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் வாப்பா பயந்து பார்த்தேன்... அந்த முகம் இன்றும் சில நாள் கனவில் வருகிறது.

இப்போது நானே கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் இருவரும் சாயங்காலம் வந்து உட்காருகிறார்கள். சர்க்கரை, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள்... பேச்சு அதோடு சரி. அப்போது ஊரையே கூட்டிய குரல்கள், இப்போது டீ வேண்டும் என்று சொன்னால்கூட நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வாரம், ஆசையாகப் பார்ப்பார்களே என்று போனில் ஒரு குத்துச்சண்டை வீடியோ போட்டுக் காட்டினேன். யாரோ இரண்டு பழைய ஆட்கள், பணத்துக்காக மறுபடி ரிங்கில் இறங்கியவர்கள். இருவரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒரு அடி வாங்கித் தள்ளாடினார். கூட்டம் கத்தியது. பழைய வாப்பாவாக இருந்தால் கடை இரண்டாகியிருக்கும்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். வாப்பா என் கையைப் பிடித்தார்.

"யாராச்சும் உள்ள போயி அந்த மனுசன வெளிய கூட்டிட்டு வாங்கலே..."

யாரும் போகவில்லை. நான் போனை அணைத்தேன்.